எண்ணெயைக் குறைத்தேன், டிரைகிளிசரைடு ஏறியது

2022 ஜூன் மாதம், கும்பகோணத்தில் ஒரு லேப். ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பையன் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். ஒரு சின்னக் குழாயை எடுத்து வந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். "டீச்சர், இது உங்களோடது. இன்னொண்ணு வேற ஒருத்தரோடது. பாருங்க." அந்த இன்னொரு குழாயில் மேலே தெளிந்து நின்ற நீர் வைக்கோல் நிறத்தில், அந்தப் பக்கம் பிடித்திருந்த விரல் தெரியும்படி இருந்தது. என்னுடையதில் விரல் தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது.

"நேத்து ராத்திரி ஏதாவது விருந்தா டீச்சர்?" என்று கேட்டான். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு எண்ணெய் தடவாத மூன்று சப்பாத்தி சாப்பிட்டேன். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான்.

ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, 426. இருக்க வேண்டியது 150-க்குக் கீழே. நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் 34. பெண்களுக்கு 50-க்கு மேல் இருந்தால் நல்லது. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, கணக்கிட முடியவில்லை என்று போட்டிருந்தார்கள். பெரும்பாலான லேபுகள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு உதவாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 113. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.2. அது 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5 ஆனால் சர்க்கரை நோய். நான் நடுவில் இருந்தேன். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை.

எனக்கு அப்போது 46 வயது. உயரம் 155 செ.மீ., எடை 56 கிலோ. என்னைப் பார்க்கிறவர்கள் ஒல்லி என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "நான் எண்ணெயே சேர்க்கிறதில்லையே டாக்டர்" என்பதுதான். அழுகை வந்துவிட்டது. அது வெறும் பேச்சில்லை. என் அப்பா 2010-இல், 54 வயதில், மாரடைப்பில் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படியில் எண்ணெய்தான் எதிரி. ஒட்டாத தோசைக்கல் வாங்கி, வெறும் கல்லில் தோசை வார்த்தேன். தேங்காய்ச் சட்னி நின்றது. நெய் நின்றது. முட்டையில் மஞ்சள் கரு நின்றது. வேர்க்கடலையைக்கூட கொழுப்பு என்று ஒதுக்கினேன். தாளிக்க அரை ஸ்பூன், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் நாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

டாக்டர் நான் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாயில போட்டதை எல்லாம் எழுதுங்க. டீத்தண்ணி, பிஸ்கட் ஒண்ணு விடாம."

எழுதினேன். காலையில் ஐந்து இட்லி, சாம்பார். காபி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பதினொரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் டீ, நாலு பிஸ்கட். மதியம் சோறு: சாம்பார், ரசம், மோர் என மூன்று தடவை. கொஞ்சம் பீன்ஸ் பொரியல். சாயங்காலம் பொரி, மறுபடி காபி. ராத்திரி மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. படுக்கும் முன் ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸ், உடம்புக்கு நல்லது என்று.

அவர் பேனாவால் ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போட்டுக்கொண்டே போனார். "இதுல மாவுச்சத்தும் சர்க்கரையும் இல்லாதது எது, சொல்லுங்க டீச்சர்." பீன்ஸையும் மோரையும் தவிர என்னால் எதையும் காட்ட முடியவில்லை. தைராய்டு கோளாறாலும் டிரைகிளிசரைடு ஏறும் என்று அதையும் பார்க்கச் சொன்னார். அது சரியாக இருந்தது. மாத்திரை எதுவும் எழுதவில்லை. "மூணு மாசம். சோத்தைக் குறைங்க, எண்ணெயைப் பத்தி இப்பக் கவலைப்படாதீங்க" என்று அனுப்பினார்.

எனக்கு அது பிடிபடவே இல்லை. ரத்தத்தில் கொழுப்பு இருக்கிறது, ஆனால் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்.

பிறகு புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையும் கடைசியில் பெரும்பாலும் குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேர்கின்றன. உடனே செலவாகாததைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜனாக்கிச் சேர்த்து வைக்கின்றன. ஆனால் அந்தக் குதிர் சின்னது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 கிராம் போல. உழவு, நடவு, கதிரடி என்று உடம்பு வேலை செய்தவர்களுக்குக் குதிர் தினமும் காலியாகும். எனக்கு வகுப்பறையும் விடைத்தாளும்தான். நிரம்பிய குதிரில் மேலும் நெல்லைக் கொட்டினால் போகுமா? கல்லீரல் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றுகிறது. அதைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்தில் இருப்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் டிரைகிளிசரைடு. அனுப்பியது போக மீதி கல்லீரலிலேயே தங்குகிறது.

கல்லீரலில் சேரும் கொழுப்பெல்லாம் நேராகச் சோற்றிலிருந்து வருவதில்லை. கணிசமான பங்கு நம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பிலிருந்து வருகிறது. அந்தக் கொழுப்பை அதன் இடத்திலேயே பிடித்து வைப்பது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. மாவும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டு நாள் முழுக்க இன்சுலினைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்து, உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் போகும்போது, கொழுப்பு கசிந்து கல்லீரலுக்குப் போகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் இறங்கும். இரண்டும் தராசுத் தட்டு மாதிரி. என் 426-உம் 34-உம் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

ஒல்லியான எனக்கு எப்படி என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பின் அளவு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் ஒல்லி, வயிற்றுக்குள் கொழுப்பு. நம்மில் பலருடைய உடல்வாகு இது. அதனால்தான் நமக்கு எடை மெஷினைவிட இன்ச் டேப் நல்ல சாட்சி. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது நம் பகுதிக்கான எல்லை. வீட்டில் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். 87.

சோற்றைக் குறைப்பது என்றால் எவ்வளவு? அதற்கு முதலில் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று தெரிய வேண்டும். ஒரு சமையல் தராசு வாங்கினேன். இந்தக் கட்டுரையைப் படிக்கிற யாரும் ஒரே ஒரு காரியம் செய்வதானால் இதைச் செய்யுங்கள் என்பேன். தட்டை வைத்து, பூஜ்யம் ஆக்கி, வழக்கம்போலப் பரிமாறிக்கொண்டேன். சாம்பாருக்கு 200 கிராம், ரசத்துக்கு 150, மோருக்கு 110. மொத்தம் 460 கிராம் சோறு. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அப்படியென்றால் ஒரு வேளைக்கு 129 கிராம். பொரியலை எடை போட்டேன். 35 கிராம். பக்கத்தில் நின்ற என் மகள், "இது தொட்டுக்கிறதுக்கா, பொட்டு வைக்கிறதுக்காம்மா?" என்றாள்.

நாள் முழுதும் கூட்டினால் 350 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் 1,400 கலோரி. நான் சாப்பிடும் மொத்தமே 1,800 போலத்தான் வரும். முக்கால் பங்குக்கும் மேல் மாவும் சர்க்கரையும். எண்ணெயைக் குறைத்ததால் வந்த பசியை நான் சோற்றைக் கொண்டும் பிஸ்கட்டைக் கொண்டும் அடைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக நடந்தது இதுதான்.

நான் மட்டும் இப்படி இல்லை என்பது பின்னால் தெரிந்தது. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இன்டியாப் ஆய்வு, 2023-இல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகச் சொன்னது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான்.

முதல் மூன்று மாதம் செய்தது இது. மதியச் சோறு 150 கிராம், ஒரே தடவை, சாம்பாரோடு. ரசத்தை டம்ளரில் குடித்தேன், மோரையும் அப்படியே. தட்டில் பொரியலோ கூட்டோ 200 கிராம். கூடவே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ இரண்டு முட்டையோ. காலையில் இரண்டு இட்லியோடு ஒரு முட்டை. இல்லையென்றால் பருப்பு தூக்கலாகப் போட்ட அடை, அதுவும் நல்லெண்ணெய் விட்டு. காபியில் சர்க்கரையை வாரம் அரை ஸ்பூன் வீதம் குறைத்து ஐந்தாவது வாரம் நிறுத்தினேன். ஜூஸை உடனே நிறுத்திவிட்டுப் பழமாகச் சாப்பிட்டேன். பதினொரு மணி பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீனில் மத்தியும் நெத்திலியும். முன்பெல்லாம் மத்தி கொழுப்பு மீன் என்று வாங்க மாட்டேன்.

முதல் பத்து நாள் கஷ்டம்தான். சாயங்காலம் நாலு மணிக்குத் தலை கிறுகிறுத்தது, எரிச்சல் வந்தது, வகுப்பில் ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் அதட்டிவிட்டு மறுநாள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது வாரம் பசியின் தன்மையே மாறியது. முன்பு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கை நடுங்குகிற மாதிரி வரும் பசி வரவில்லை. மதியம் ஐந்தாவது பீரியடில் கண் சொருகுவது நின்றது. இருபது வருஷமாக அதை வயசு, வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி லேப். டிரைகிளிசரைடு 192. எச்டிஎல் 38. எல்டிஎல்லைக் கணக்கிட முடிந்தது, 120. எச்பிஏ1சி 5.9. இடுப்பு 83. அந்தப் பையன் குழாயைத் தூக்கிக் காட்டினான். விரல் தெரிந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன். சென்னையில் இருக்கும் என் தம்பி அப்போது மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பை நிறையச் சாப்பிடும் பேலியோ உணவுமுறையில் பதினெட்டு கிலோ குறைத்திருந்தான். "அக்கா, நீ பாதி வழியிலயே நிக்கிற. கொழுப்பு நல்லதுன்னு தெரிஞ்சப்புறம் என்ன பயம்? வெண்ணெயைப் போடு" என்றான். எனக்கும் பன்னிரண்டு வருஷ ஏக்கம். காலையில் காபியில் ஒரு துண்டு வெண்ணெய். பொரியலெல்லாம் தேங்காய் எண்ணெயில். தேங்காய்ப் பத்தை. நெய்யில் வறுத்த பனீர். சோறு ஏறக்குறைய இல்லை. ஐந்து மாதம்.

2023 மார்ச் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 118, எச்டிஎல் 47. அருமை. அதற்குக் கீழே எல்டிஎல் 191.

தம்பியிடம் கேட்டேன். டிரைகிளிசரைடு குறைந்து எச்டிஎல் ஏறிவிட்டால் எல்டிஎல்லைப் பற்றிக் கவலையில்லை என்று அவன் கேள்விப்பட்டதைச் சொன்னான். அவனுக்கு அது எப்படியோ. எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. டாக்டர் இந்தத் தடவை கொஞ்சம் கடுமையாகவே பேசினார். "உங்க அப்பா 55 வயசுக்கு முன்னாடி போயிருக்கார். உங்களுக்கு இந்த நம்பர் இப்படியே இருந்தா மாத்திரை எழுதித்தான் ஆகணும். எட்டு வாரம் தரேன்."

அவர் அன்று சொன்னதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். மாவுச்சத்தும் சர்க்கரையும் முக்கியமாக ஆட்டிவைப்பது டிரைகிளிசரைடையும் எச்டிஎல்லையும் ரத்தச் சர்க்கரையையும். எல்டிஎல் அதிகமாகச் செவிசாய்ப்பது கொழுப்பின் வகைக்கு. இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் வாங்கிய மார்க்கை இன்னொன்றில் சேர்க்க முடியாது.

ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள கல்லீரல் செல்களின் மேல் கொக்கி மாதிரியான ஏற்பிகள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்தக் கொக்கிகள் குறைகின்றன. எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றுகிறது, வருஷக்கணக்கில் குழாய்ச் சுவரில் படிகிறது. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெய், நெய்யின் கொழுப்பில் பாதிக்கு மேல். பாமாயிலில் பாதி. நல்லெண்ணெயில் சுமார் 15 சதவீதம், கடலை எண்ணெயில் 20-க்குள். நாட்டு எண்ணெய், செக்கில் ஆட்டியது என்ற பேச்சு வேறு, அதில் என்ன வகைக் கொழுப்பு இருக்கிறது என்பது வேறு. செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான்.

நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய், கடலை, மீன் என்று நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் இதயத்துக்கு நல்லது. வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும் வைத்தால் பெரிய லாபமில்லை. 2010-இல் நான் செய்தது அந்த இரண்டாவது.

வெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் நிறுத்தினேன். பொரியலுக்குக் கடலை எண்ணெய், தாளிக்கவும் அடைக்கும் நல்லெண்ணெய். நெய் பருப்புச் சோற்றுக்கு அரை ஸ்பூன், வாரத்தில் இரண்டு நாள். சோறு 150 கிராமுக்கே திரும்பினேன். மே கடைசியில் எல்டிஎல் 115. டிரைகிளிசரைடு 124, எச்டிஎல் 46. சோறு கொஞ்சம் திரும்பி வந்தும் டிரைகிளிசரைடு பெரிதாக ஏறவில்லை. எல்லோருக்கும் எல்டிஎல் என்னுடையது மாதிரி எகிறாது, உடம்புக்கு உடம்பு மாறும். ஆனால் உங்களுக்கு எப்படி என்பது டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். உணவை மாற்றினால் மூன்று மாதத்தில் இந்த ரத்தக் கொழுப்புகளை எல்லாம் பார்க்கும் முழு லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கார்ட்னர் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. 609 பேர், ஒரு வருஷம். ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைவு, இன்னொரு பாதிக்கு மாவுச்சத்து குறைவு. இரண்டு கூட்டத்துக்கும் சர்க்கரையையும் மைதா போன்ற தீட்டிய மாவுகளையும் தவிர்க்கச் சொல்லி, காய்கறி நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். எடை குறைந்ததில் முதல் கூட்டத்துக்கு 5.3 கிலோ, இரண்டாவதுக்கு 6 கிலோ; சொல்லிக்கொள்ளும் வித்தியாசமில்லை. ஆனால் டிரைகிளிசரைடும் எச்டிஎல்லும் மாவைக் குறைத்தவர்களுக்கு அதிகம் மேம்பட்டன, எல்டிஎல் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இறங்கியது. என் நாலு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் வைத்து அதைப் படித்தபோது, கொழுப்பா மாவா என்ற சண்டை எல்லாம் எதற்கு என்று தோன்றியது.

நடுவில் சிறுதானியக் கதை ஒன்று உண்டு. எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேழ்வரகு, சாமை என்று மாறியிருந்தார்கள். நானும் ராத்திரி ஒரு பெரிய கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி குடித்தேன். மகள் குளுக்கோமீட்டர் வாங்கித் தந்திருந்தாள். குடித்து ஒரு மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் 181. மறுநாள் கீரைக்கூட்டும் சுண்டலும் முதலில் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் அதே 150 கிராம் வெள்ளைச் சோறு சாப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் 139. திரும்பவும் இரண்டு தடவை செய்து பார்த்தேன், ஏறக்குறைய அதேதான். கேழ்வரகு கெட்டது என்று சொல்லவில்லை. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, வேறெதுவும் இல்லாமல் குடித்தால் அது சர்ரென்று இறங்குகிறது. இன்டியாப் ஆய்விலும் அரிசியை விட்டு கோதுமை, சிறுதானிய மாவுக்கு மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. மொத்த மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துப் பயறு, பால் மாதிரிப் புரதத்துக்கு மாற்றினால்தான் குறைவு தெரிந்தது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றையும் குத்திப் பார்த்தேன். வெள்ளைச் சர்க்கரைக்கும் அவற்றுக்கும் என் ரத்தம் பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

காய், பயறு முதலில், சோறு கடைசியில் என்ற வரிசை உண்மையிலேயே உதவுகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் மாடியில் நடப்பதும். இரண்டுக்கும் காசு செலவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதை. நாங்கள் நெல் விளைகிற ஊர். என் மாமியார் வயல்காட்டில் உழைத்தவர். அவருக்குச் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் அதற்குத் துணை. நான் ஒரு தடவையோடு தட்டை நகர்த்தினால் அவருக்குப் பொறுக்காது. "ரெண்டாம் சோறு வாங்காம எழுந்திருக்கிற பழக்கம் இந்த வீட்டுல கிடையாதும்மா. ரசத்துக்கு ஒரு கை போட்டுக்க" என்பார். முதல் மாதம் இதிலேயே மனஸ்தாபம் வந்தது. விளக்கிப் பயனில்லை. அப்புறம் ஒரு நாள், "அத்தை, நீங்க நடவு நட்ட காலத்துல காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். பழைய சோறு, கூடக் கருவாடோ வெங்காயமோ, அப்புறம் பொழுது சாயும்வரை சேற்றில் குனிந்து வேலை என்று நெடுநேரம் சொன்னார். கடைசியில் அவரே, "நீ பாவம், நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கே" என்றார். அதற்கப்புறம் வற்புறுத்தவில்லை. இப்போது எனக்கென்று கூட்டைத் தனியாக எடுத்து வைப்பது அவர்தான்.

கல்யாண வீட்டில் நான் வழக்கு பேசுவதில்லை. இலையில் பொரியல், கூட்டு, அவியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொள்வேன். சாம்பார் சோறு ஒரு கை. பாயசம் ஒரு வாய். மறுநாள் பழையபடி. விருந்துக்கு மறுநாள் லிப்பிட் டெஸ்ட் எடுக்காதீர்கள், டிரைகிளிசரைடு வீணாகப் பயமுறுத்தும். மது அருந்துபவர்களுக்கும் இது பொருந்தும். அதுவும் டிரைகிளிசரைடை நன்றாகவே ஏற்றும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்து நாளைக்கே சோற்றைப் பாதியாக்க வேண்டாம். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு எழுதியது. சில மருந்துகளோடு சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். எங்கள் பள்ளியில் ஒருவர் அப்படித்தான் காலைப் பிரார்த்தனை நேரத்தில் மயங்கி விழுந்தார். டாக்டரிடம் சொல்லி, மருந்தையும் சேர்த்து மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னாலும் கேட்க வேண்டும். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியிருந்தால் கணையத்துக்கே ஆபத்து. அது உணவை மட்டும் நம்பி மூன்று மாதம் காத்திருக்கிற விஷயமில்லை.

போன மாத ரிப்போர்ட்: டிரைகிளிசரைடு 109, எச்டிஎல் 48, எல்டிஎல் 112, எச்பிஏ1சி 5.6, வெறும் வயிற்றுச் சர்க்கரை 96. இடுப்பு 79. எச்டிஎல் இன்னும் 50-ஐத் தொடவில்லை. கல்லீரல் ஸ்கேன் 2023 டிசம்பரிலேயே சரியாகிவிட்டது. மாவுச்சத்து நாளைக்கு 160 கிராம் பக்கம் நிற்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர் எண்ணெய், பாதி நல்லெண்ணெய், பாதி கடலை எண்ணெய். தேங்காய்ச் சட்னி ஞாயிற்றுக்கிழமை உண்டு.

மகளுக்கு 23 வயது. பெங்களூரில் வேலை, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால். பார்க்க என்னை மாதிரியே ஒல்லி. தீபாவளிக்கு வந்தபோது தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். 84. முறைத்தாள். அடுத்த தடவை வரும்போது வெறும் வயிற்றில் லேபுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.